ஒன்றரைச் சாண் தூரம்

உடைசல் யாட்டில் கிடைத்தது
யாரோ ஒருவரின் சிவப்புக் காருடைய வலது காது.
பக்கக் கண்ணாடியின் மேலோடு, இருபத்தைந்து டொலர்.
என் கார் வெள்ளி.
அதன் வலது காதைத்
தெருமுனைத் தபால்பெட்டி வாங்கிக்கொண்டது,
லைசென்ஸ் எடுத்த பத்தொன்பதாம் நாள்.

கராஜில் நானூற்றெண்பது என்றார்கள்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
எங்கள் பாஷையில் அது
இல்லை என்பதற்கு உடுப்புப் போட்டுவிட்ட சொல்.

நிறத்துக்கும் ஓர் எண் உண்டென்று அன்றுதான் தெரியும்.
சாரதிக் கதவைத் திறந்தால் இடுக்கில் ஒட்டியிருக்கிறது.
நாலு வருடம் ஏறி இறங்கியிருக்கிறேன்,
ஒருநாளும் குனிந்ததில்லை.

ஒஷாவாவில் ஜூன்.
வீட்டுக்காரர் பரநிருபசிங்கம்
கலியாணமொன்றுக்கு மொன்றியல் போய்விட்டார்.
பேஸ்மென்ற்காரிக்கு இரண்டு நாள்
டிரைவ்வே முழுக்கச் சொந்தம்.

நானூறாம் நம்பர்த் தாள், பிறகு எண்ணூறு,
தண்ணீர் தொட்டுத் தொட்டு.
வாளிக்குள் பீட்றூட் கழுவிய நிறம்.
யாரோ இந்தச் சிவப்பைக் கடையில் நின்று
தெரிவுசெய்திருப்பார்,
கூட வந்தவரோடு வாக்குவாதப்பட்டு.
நான் அதைத் தேய்க்கிறேன்.
மன்னிப்புக் கேட்க விலாசம் இல்லை.

கீழே விரிக்கப் பழைய தமிழ்ப் பத்திரிகை.
பக்கம் முழுக்க வீடு விற்கும் முகவர்கள்,
கோட்டுப் போட்டு, கைகட்டி, ஒரே சிரிப்பு.
மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும்
மடித்து உள்ளே வைத்தேன்.
அவர்கள்மேல் எதுவும் படவேண்டாம்.

முதலில் பிறைமர், சாம்பல்.
பிறகு வெள்ளி டின்னை இரண்டு நிமிடம் குலுக்கவேண்டும்.
உள்ளே ஒரு சின்னக் குண்டு
அடம்பிடிக்கும் பிள்ளையின் கிலுகிலுப்பையாய்.
ஒன்றரைச் சாண் தூரம்.
கிட்டப் போனால் வழியும்.
எட்டப் போனால் வந்து சேருமுன்னே
காய்ந்து தூசாகும்.
பொருள் வருமுன்பே அழுத்து,
பொருளைத் தாண்டித்தான் விரலை எடு.
நடுவில் நிற்காதே. ஆசைப்படாதே.

ஆசைப்பட்டேன்.
மூலையில் கொஞ்சம் சாம்பல் தெரிந்தது,
ஒரேயொரு அழுத்து.
வழிந்தது.
கண்ணீர் என்று எழுதினால் பொய்.
மூக்குச்சளி மாதிரித்தான் இருந்தது.

அடுத்த நாள் மறுபடி எண்ணூறு, மறுபடி தண்ணீர்.
இந்தமுறை மெல்லிய மூன்று பூச்சு,
பூச்சுக்குப் பூச்சு பத்து நிமிடம்.
அந்தப் பத்து நிமிடங்களில்
செய்வதற்கு ஒன்றுமே இல்லை.
இந்த நாட்டுக்கு வந்தபிறகு
அப்படியொரு பத்து நிமிடம் வாய்த்ததாக ஞாபகம் இல்லை.
முகவர்கள் எல்லோரும் வெள்ளியாகிப்
பற்கள் மட்டும் காணாமல் போயிருந்தார்கள்.

கடைசியாக கிளியர் அடித்த கையோடு
பொப்ளர் மரங்கள் பஞ்சை அவிழ்த்துவிட்டன.
ஒரு இழை மிதந்து வந்து
எங்கே இறங்கலாமென்று பார்த்து, இறங்கியது.
எடுத்தால் விரலடையாளம்.
எடுக்காவிட்டால் பஞ்சு.
விட்டுவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் பரநிருபசிங்கம் வந்திறங்கினார்.
"புல்லுக்கு என்ன நடந்தது?"
வேலியோரம் ஒரு பாய் அளவுக்குப் புல் மினுங்கியது.
"பனி" என்றேன். ஜூன் மாதம்.
அவர் புல்லைப் பார்த்தார், காரைப் பார்த்தார்,
சுற்றி வந்து இடது காதில் விரலை வைத்தார்.
"இதிலைதான் கொஞ்சம் பிழைச்சுப்போச்சுது, பிள்ளை."
அது நான் தொடாத காது.
ஓம் என்றேன்.

பகலில் இரண்டும் ஒன்று.
பெற்றோல் நிலையத்து விளக்கில்
வலது கொஞ்சம் நீலம் காட்டும்.
வேலையிடத்தில் எத்தனை தரம் கைகழுவியும்
பெருவிரல் நகத்தின் ஓரத்தில் வெள்ளி
மூன்று கிழமை இருந்தது.

ஓகஸ்டில், நாலு-பூச்சியம்-ஒன்றில்,
லொறியொன்றின் பின்னாலிருந்து கல் தெறித்தது.
மிளகளவு இடம்.
உள்ளே சிவப்பு.
டின்னை எடுத்துக் குலுக்கினேன்.
குண்டு சத்தம் போட்டது, இன்னும் மிச்சம் இருக்கிறது.
திரும்ப வைத்துவிட்டேன்.